கூந்தலுக்கு எவ்வளவு சூடு?

கூந்தலை நேராக்கும் மின்கருவி ஒன்றை வாங்குவதற்காகக் கடைக்குச் செல்லும் பெண்மணியிடம் விற்பனையாளர் முதலில் எடுத்துரைக்கும் பெருமை, அது எத்தனை டிகிரி வரை சூடேறும் என்பதுதான். அட்டைப் பெட்டியின் முகப்பிலும் 230 டிகிரி செல்சியஸ் என்னும் எண்ணே பெரிய எழுத்தில் நிற்கிறது. 200 டிகிரியோடு நின்றுவிடும் கருவி சக்தி குன்றியது என்றும், 230ஐத் தொடுவதே உயர்ந்த ரகம் என்றும் வாங்குவோர் மனத்தில் ஓர் எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. இந்த எண்ணம் அடியோடு தவறானது. ஸ்ட்ரெய்ட்னர் என்று இன்று சிற்றூர்களிலும் வழங்கும் இந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கையில் கவனிக்க வேண்டியது அதன் உச்ச உஷ்ணத்தை அன்று. குறைந்த உஷ்ணத்தில் அது எவ்வளவு நிலையாக நின்று வேலை செய்கிறது என்பதையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்குக் காரணம் முடியின் அமைப்பிலேயே இருக்கிறது. தலைமுடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை பிரதானமானவை. ஒன்று, கந்தக அணுக்களால் நேரும் உறுதியான பிணைப்பு. அதைத் தண்ணீரால் அவிழ்க்க முடியாது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே மெலிந்ததாயினும் எண்ணிக்கையில் மிகுந்த இது, நீர் பட்டால் அவிழ்ந்து உலர்ந்தால் மறுபடி கட்டிக்கொள்வது, சூடு பட்டால் நெகிழ்ந்து ஆறினால் இறுகுவது. ஈரத் தலையைப் பின்னலிட்டு உறங்கிய பெண்ணின் கூந்தல் மறுநாள் காலையில் அவிழ்க்கும்போது அலை அலையாக இறங்குவதற்கும், சூடான இரண்டு தகடுகளுக்கு இடையே இழுக்கப்பட்ட சுருட்டை முடி நேராகத் தொங்குவதற்கும் காரணம் இந்த ஒரே பிணைப்புத்தான். முன்னதில் நீர் செய்த வேலையைப் பின்னதில் சூடு செய்கிறது.

ஆகவே ஸ்ட்ரெய்ட்னர் தருகிற நேர்த்தி சுபாவத்திலேயே தற்காலிகமானது. முடி காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் உறிஞ்சும் பொருள். முழுக்க நனைந்தால் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீரைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளக் கூடியது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், அதிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காலையில் நேராக்கிய கூந்தல் மாலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குவது கருவியின் குற்றமும் அன்று, கையாண்டவரின் குற்றமும் அன்று. ஆனால் நடப்பது என்ன? சூடு போதவில்லை என்று முடிவு செய்து மறுநாள் 20 டிகிரி ஏற்றுகிறார்கள். அதுவும் நிலைக்காதபோது இன்னும் 20 டிகிரி. மிகுந்த சூட்டில் நேராக்கிய முடியும் அதே கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும் என்பதையும், கூட்டிய சூட்டினால் கிடைப்பது ஆயுள் நீண்ட நேர்த்தியன்று, வறண்டு பிளந்த நுனியே என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

உலர்ந்த முடியில் கெராட்டினின் உள்ளமைப்பு ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குலைந்துபோகிறது என்பது ஆய்வுக்கூடங்களில் அளந்து அறிந்த செய்தி. பெட்டியின்மேல் பெருமையாக அச்சிட்டிருக்கும் எண், முடி தன் கட்டமைப்பை இழக்கும் எல்லையின் எண்ணே என்பதை வாங்குவோரில் எத்தனை பேர் அறிவார்கள்? தகடு முடியைத் தொடுவது சில விநாடிகளே ஆதலால் அத்தனை சூடும் உள்ளே இறங்கிவிடாது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. ஒரு கற்றையை ஒரே முறை சீராக இழுத்து விடுபவருக்கு அந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தும். அதே கற்றையை நான்கைந்து முறை இழுத்தும், நுனிக்கு வந்ததும் நிறுத்திப் பிடித்தும் பழகியவருக்குப் பொருந்தாது. என் கருத்தில், மெல்லிய முடிக்கும் சாயம் ஏற்றிய முடிக்கும் 150 டிகிரி போதுமானது; சாதாரண முடிக்கு 170 முதல் 185 வரை; அடர்ந்து இறுகச் சுருண்ட முடிக்கு 200. அதற்கு மேற்பட்ட சூடு வீட்டு உபயோகத்துக்கு அவசியமே இல்லை. இங்கிலாந்தின் ஜிஎச்டி நிறுவனம் தன் கருவிகள் பலவற்றில் 185 டிகிரி என்ற ஒரே அளவை நிலையாக வைத்து, கூட்டவோ குறைக்கவோ வழியில்லாமலே விற்றுவந்திருக்கிறது. டைசன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட கொரேல் கருவியில் 165, 185, 210 என்று மூன்றே படிகள். விலை மிகுந்த இவற்றை வாங்கும்படி சிபாரிசு செய்வது என் நோக்கமன்று. தாராளமாகச் செலவிடக் கூடியவர்களுக்காகச் செய்யப்படும் கருவிகளே 230ஐ நாடிப் போகவில்லை என்பது கவனத்துக்குரியது.

ஈர முடியின் கதி இன்னும் பரிதாபமானது. நனைந்த முடியில் மேற்சொன்ன குலைவு 150 டிகிரியை ஒட்டியே நேர்ந்துவிடுகிறது. அதோடு, முடித்தண்டுக்குள் அடைபட்ட நீர் திடீரென்று ஆவியாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழி முடி என்று சரும வைத்தியர்கள் குறிப்பிடும் இந்தக் கேடு 1986இல் மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டது; 125 டிகிரி சூடுள்ள முடிசுருட்டும் கருவியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தாலே இது உண்டாகும் என்று பிற்பாடு செய்த பரிசோதனைகள் காட்டின. குமிழி விழுந்த இடத்தில் முடி கடினமாகி, சீப்புப் படும்போது முறிந்து விழுகிறது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் குளித்த கையோடு ஸ்ட்ரெய்ட்னரை எடுப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் கொள்ள வேண்டும். தகட்டிலிருந்து சீறும் ஒலியோ ஆவியோ எழுந்தால் உடனே நிறுத்திவிடுவதே விவேகம். ஈர முடிக்கும் உகந்தது என்று விற்கப்படும், தகட்டில் துளையிட்ட கருவிகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

பருத்திக்கு வைக்கும் சூட்டைப் பட்டுப் புடவைக்கு வைக்கத் துணியும் இல்லத்தரசி எவரும் இல்லை. இஸ்திரிப் பெட்டியின் திருகைப் பட்டுக்குரிய குறிக்குத் திருப்பி, புடவையின்மேல் மெல்லிய துணி ஒன்றையும் விரித்து, அதன் பிறகே தேய்க்கிறார்கள். பட்டும் புரதம், முடியும் புரதம். புடவைக்குக் காட்டும் அந்தப் பரிவு கூந்தலுக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அதிலும் புடவை ஆண்டுக்குச் சில தடவைகளே சூட்டுக்கு ஆளாகிறது. முடியோ மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர், ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவில் வளர்வது. ஆகவே 75 சென்டிமீட்டர் நீண்டு இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி, ஐந்து வருஷங்களுக்கு முன் தலையை விட்டு வெளிவந்த பழைய முடி. வாரத்துக்கு இரண்டு முறை நேராக்குபவருடைய கூந்தலின் நுனி இந்த ஐந்து வருஷங்களில் 500 தடவைக்கு மேல் சுடப்பட்டிருக்கும். தோல் சுட்டால் ஆறும். முடித்தண்டு உயிரற்றதாகையால் அதற்கு ஆறுவது என்பதே கிடையாது. தோள்வரை கத்தரித்த முடிக்குக் கூறப்படும் யோசனைகளை, நீண்ட கூந்தலைப் போற்றும் நம் பெண்மணிகள் அப்படியே ஏற்றுக்கொள்வது எவ்வளவு அபாயம் என்பது இதிலிருந்து விளங்கும். வேரருகே ஒரு சூடும், அதைவிட 20 டிகிரியாவது குறைந்த மற்றொரு சூடு நுனிக்குமாக வைத்துக்கொள்வதே நீண்ட கூந்தலுக்குத் தகுந்த முறை.

விளம்பரங்களில் அடிபடும் மூன்று பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செராமிக் என்று அச்சிட்டிருப்பதால் தகடு முழுதும் பீங்கான் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது அலுமினியத் தகட்டின்மேல் ஏற்றிய மெல்லிய பூச்சே. பூச்சு நன்றாயிருக்கும் வரையில் முடி வழுக்கிக்கொண்டு செல்லும். ஓரம் தேய்ந்து உலோகம் வெளிப்பட்டுவிட்டால் அந்தக் கருவியின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். டைட்டானியம் வெப்பத்தை அதிவேகமாகக் கடத்தும் என்கிறார்கள். பௌதிக சாஸ்திரம் கூறுவது இதற்கு நேர்மாறானது: வெப்பம் கடத்தும் ஆற்றலில் டைட்டானியம் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலேசானது, உறுதியானது, எளிதில் கீறல் விழாதது என்று அதைப் புகழ்ந்தால் ஒப்புக்கொள்ளலாம். டூர்மலின் என்பது சூடேறுகையில் மின்னேற்றம் பெறும் இயல்புள்ள ஒரு ரத்தினக்கல். அதன் பொடி பூச்சில் எவ்வளவு கலந்திருக்கிறது, அதனால் முடிக்கு விளையும் நன்மை எவ்வளவு என்பதை நான் பார்த்த எந்தப் பெட்டியும் தெரிவிக்கவில்லை. இந்தப் பெயர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் விரயம்.

பின் எதற்குப் பணம் கொடுப்பது? சூட்டை எண்ணாகக் காட்டி, 150 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் வசதிக்குக் கொடுக்கலாம். மிக மலிவான கருவிகளில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, அவ்வளவே. உள்ளே உள்ள தகடு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை அறிய உபாயமே இல்லாத அத்தகைய கருவியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கடையிலேயே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனையும் உண்டு. இரண்டு தகடுகளையும் மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடையே ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இடைவெளியில் முடி சரியாக நேராகாது, நேராகாத முடியை மறுபடி மறுபடி இழுக்க நேரும். தகட்டின் ஒரு முனையை விரலால் அழுத்தினால் அது சற்றே உள்வாங்கி மீள வேண்டும். கற்றை தடித்தும் மெலிந்தும் இருக்கும் இடங்களில் அழுத்தம் சமமாக விழுவதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. ஒரு மணி நேரத்துக்குள் தானே அணையும் ஏற்பாடும், முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் மின்கம்பியும் இருப்பது நலம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். சரும, முடி பராமரிப்புக்கான மின்சாதனங்களின் பாதுகாப்புக்கென்றே இந்தியத் தர விதிகளில் தனிப் பகுதி இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் கருவிகளிலும் ஜாக்கிரதை வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. இரண்டுக்கும் பொருந்தும் என்பதற்கு அடையாளமாக 100–240 என்று கருவியிலேயே பொறித்திருந்தால் ஒழிய அதை நம் வீட்டு மின்சாரத்தில் செருகக் கூடாது. கடைகளில் விற்கும் அடாப்டர் செருகு முனையை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தை மாற்றாது.

தகட்டின் அகலம், நம் நாட்டுக் கூந்தலைப் பொறுத்தமட்டில், அற்ப விஷயமன்று. ஓர் அங்குலத் தகடு தோள்வரை உள்ள முடிக்கும் நெற்றிப் புரிக்கும் ஏற்றது. அடர்ந்து நீண்ட கூந்தலுக்கு ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் வேலையும் சீக்கிரம் முடியும், இழுக்கும் தடவைகளும் குறையும். தகடே வேண்டாம், சற்று அடங்கிப் படிந்தால் போதும் என்பவர்களுக்குச் சூடேறும் பிரஷ் உண்டு. முடியை இரண்டு பக்கமும் அழுத்தாமல் சீவுவதோடு நின்றுவிடுவதால் அதன் தீங்கும் குறைவு, பலனும் குறைவு. நெளிமுடி உடையவர்கள் பலருக்கு, உருண்டை பிரஷில் முடியைச் சுற்றி இழுத்து ஹேர் டிரையரின் காற்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுவதே போதுமானது. அவர்கள் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கவே வேண்டியதில்லை என்பேன்.

அழகு நிலையங்களில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெராட்டின் என்று பல பெயர்களில் நடைபெறும் சிகிச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இந்தச் சிறு கருவியின் அருமை தெரிகிறது. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனத்தைப் பூசி, நான் முன்னே குறிப்பிட்ட கந்தகப் பிணைப்பையே அறுத்து, முடியை நேராக்கிச் சூட்டால் தேய்த்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அந்தப் பிணைப்பைப் புதிய நிலையில் பூட்டுகிறார்கள். அது பிடிக்கவில்லை என்றால் வளர்ந்து வரும் வரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேறு சில சிகிச்சைகளில் உபயோகமாகும் திரவங்கள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடுகின்றன; அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. வந்து போகும் வாடிக்கையாளரைவிட, நாள் முழுவதும் அந்த அறையில் நின்று வேலை செய்யும் பெண்களின் நிலைமையே என்னை அதிகமாகக் கவலைக்குள்ளாக்குகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 33,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ரசாயன நேராக்கிகளை அடிக்கடி உபயோகித்தோரிடையே கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஒன்றோடொன்று தொடர்பு தெரிவதனால் மட்டும் இதுவே காரணம் என்று நிரூபணமாகிவிடாது; ஆயினும் எச்சரிக்கைக்கு இது போதும். சூட்டுக் கருவியால் நேராக்கிய முடி, தலைக்குக் குளித்த மாத்திரத்தில் தன் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. பலரும் குறையாகக் கருதும் அந்த அநித்தியத்தையே நான் அதன் தலையாய குணமாகக் கருதுகிறேன்.

நம் முன்னோர் கூந்தலுக்குச் சூடே காட்டாதவர்கள் அல்லர். அகிற்புகையும் சாம்பிராணிப் புகையும் ஈரக் கூந்தலை உலர்த்துவதற்கும் வழங்கின. ஆனால் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியைப் பரப்பி, நெருப்புக்கும் முடிக்கும் இடையே போதிய தூரம் வைத்தார்கள். எண்ணெய் விஷயத்திலும் நம் பழக்கம் நல்லதே. குளிப்பதற்கு முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஆனால் எண்ணெய் தடவிய தலையில் ஸ்ட்ரெய்ட்னரை வைப்பது கூடவே கூடாது. சூடேறிய எண்ணெய் புகைவதோடு தலைத்தோலையும் சுடும். சூட்டிலிருந்து காப்பதாக விற்கும் சிலிக்கோன் கலந்த திரவங்கள் முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கின்றன, சூடு இறங்கும் வேகத்தையும் ஓரளவு தணிக்கின்றன. அவற்றை நம்பி உஷ்ணத்தை ஏற்றிவிட வேண்டாம்.

கருவி செய்வோரிடமும் விற்போரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பெட்டியின்மேல் உச்ச உஷ்ணத்தை அச்சிடுவதை விட்டுவிட்டு, 180 டிகிரி என்று காட்டும்போது தகட்டின் உண்மையான சூடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அச்சிட வேண்டும். தகடு எந்த உலோகம், பூச்சு எது என்பதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். எந்த முடிக்கு எவ்வளவு சூடு என்ற விவரம், தமிழ்நாட்டில் விற்கும் பெட்டிக்குள் தமிழில் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று.

இத்தனையும் சொன்ன பிறகு, யாருக்காக நேராக்குகிறோம் என்ற விஷயம் எஞ்சி நிற்கிறது. இரண்டு தட்டை இரும்புகளை முடியின்மேல் அழுத்தும் கருவிக்கு ஐசக் ஷீரோ என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1909இல். அதே காலத்தில் கறுப்பினப் பெண்களிடையே, அடுப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பு பரவிற்று. 1867இல் லூசியானாவில் பிறந்து கூந்தல் பொருள் வியாபாரத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கரே அதைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் எழுதுவது சரியன்று. அத்தகைய சீப்பு பிரான்சில் முன்பே வழக்கிலிருந்தது. பிறவிச் சுருளோடு சென்றால் வேலை கிடைப்பதே கடினம் என்ற சமூக நிர்ப்பந்தத்தால் அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சூட்டைத் தாங்கினார்கள். முடியின் இயற்கை வடிவத்தைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ அலுவலகத்திலோ பாகுபாடு செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா மாகாணம் சட்டம் இயற்றியது 2019இல்தான்.

நம்மிடையே அவ்வளவு கொடிய நிர்ப்பந்தம் இல்லை என்றாலும், நிர்ப்பந்தமே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சுருட்டை முடிக்காரியைப் பிடித்து உட்காரவைத்து நேராக்கிவிடும் தாய்மார்களும் பெரியம்மாமார்களும் இருக்கிறார்கள். ஐம்பால் என்று கூந்தல் ஒப்பனையை ஐந்தாக வகுத்து, அவற்றில் சுருளையும் ஒன்றாக வைத்துப் போற்றிய பாஷை நம்முடையது. தானே விரும்பி, தன் கையால், உலர்ந்த முடியில், அளவான சூட்டில் ஒரு பெண் தன் கூந்தலை நேராக்கிக்கொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. அவளுக்கு உதவும் பொருட்டே இவ்வளவும் எழுதினேன். ஆனால் பெற்றோர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சுருட்டை முடியோடு பிறந்த உங்கள் மகள் தானாகக் கேட்கும் வரையில், எவ்வளவு நல்ல ஸ்ட்ரெய்ட்னராயினும் அதை அவளுக்கு வாங்கித் தராதீர்கள்.